அட்டவணையில் இல்லாத ஒரு வரி: ஈஸ்ட்ரோஜனும் இரத்தக் குழாய்களும்

பத்தாம் வகுப்பில் 'தாவர மற்றும் விலங்கு ஹார்மோன்கள்' பாடத்தை முடித்த அன்று, கடைசி மணி அடித்த பிறகும் ஒரு மாணவி போகாமல் நின்றாள். அவளுடைய அம்மா மண்டபம் – பாம்பன் கரையோரத்தில் பாசி எடுக்கப் போகிறவர். வயது 49. இரண்டு மாதங்களுக்கு முன் கடலிலிருந்து திரும்பிய ஒரு நாள் அவருக்கு மேல்முதுகிலும் தாடையிலும் வலி. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. "வாயுப் பிடிப்பு" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனபோதுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் பிழைத்துவிட்டார். இனிக் கடலில் இறங்க முடியாது.

மாணவி கேட்டது இதுதான். "டீச்சர், அம்மாவுக்கு மாதவிடாய் எப்ப நின்னுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. நெஞ்சு வலிக்கும் அதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

அன்று கரும்பலகையில் நான் எழுதிய அட்டவணை இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. அண்டகம் – ஈஸ்ட்ரோஜன் – இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி, இரண்டாம் நிலைப் பால் பண்புகள். அந்த வரியில் அவளுடைய கேள்விக்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்று அனுப்பினேன். அந்த 'நாளை' வர எனக்குச் சில வாரங்கள் ஆயின. அதற்காகப் படித்ததையும் பிறகு வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

ஹார்மோனும் ஏற்பியும்

ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே பொருள் அன்று, ஒரு குடும்பம். ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடையால், ஈஸ்ட்ரியால் ஆகிய மூன்றும் அதன் முக்கிய உறுப்பினர்கள். இவற்றுள் முதலில் தனித்துப் பிரிக்கப்பட்டது ஈஸ்ட்ரோன். 1929-இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் புடேனண்டும் தனித்தனியே கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். பருவமடைதல் முதல் மாதவிடாய் நிற்கும் வரை பெண் உடலில் அதிகம் வேலை செய்வது ஈஸ்ட்ரடையால். ஆண்களின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு உண்டு.

ஒரு ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. ஆனால் அதற்குரிய ஏற்பி உள்ள செல்லில்தான் அது வேலை செய்யும். பூட்டும் சாவியும் என்று இதை வகுப்பில் சொல்கிறோம். ஈஸ்ட்ரோஜனின் பூட்டு கருப்பையிலும் மார்பகத்திலும் மட்டும் இருந்திருந்தால் நம் அட்டவணை போதுமானதாக இருந்திருக்கும். எலும்பிலும் மூளையிலும் கல்லீரலிலும் இரத்தக் குழாய்களின் சுவரிலும் அந்தப் பூட்டு இருக்கிறது. ஆல்ஃபா, பீட்டா என அதில் இரு வகைகள் உண்டு. பீட்டா வகை 1996-இல்தான் அறியப்பட்டது.

குழாயின் உட்சுவரில் நடப்பது

தமனியின் உட்புறத்தை ஒரே ஒரு செல் அடுக்கு போர்த்தியிருக்கிறது. இதன் பெயர் எண்டோதீலியம். நெடுங்காலம் இதை வெறும் வழவழப்பான பூச்சு என்றே நினைத்திருந்தார்கள். 1980-இல் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் ஒரு புதிரை விடுவித்தார். முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற பொருளை இட்டால் சில முறை அது தளர்ந்தது, சில முறை தளரவில்லை. துண்டைத் தயாரிக்கும்போது உட்பூச்சு தேய்ந்து போயிருந்தால் தளர்வதில்லை. பூச்சு முழுதாக இருந்தால் தளர்கிறது. அப்படியானால் அந்தப் பூச்சுதான் "தளர்ந்துகொள்" என்ற செய்தியை அனுப்புகிறது. செய்தியைச் சுமந்து செல்லும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு என்று பின்னர் தெரிந்தது. இதற்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

நெஞ்சு வலி வந்தால் சிலர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே நைட்ரிக் ஆக்சைடு வழியாகத்தான். அதே நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கு, கடைசிக் காலத்தில் இதய நோய்க்காக மருத்துவர்கள் அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். மாணவர்களுக்கு இந்தச் செய்தி மறப்பதில்லை.

இந்த இடத்தில்தான் ஈஸ்ட்ரோஜன் வருகிறது. அது எண்டோதீலியச் செல்லின் ஏற்பியில் பொருந்தியதும், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி தூண்டப்படுகிறது. இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். நீண்ட நேர அளவில், அந்த நொதியையே கூடுதலாகச் செய்யும்படி செல்லின் மரபணுக்களுக்கும் கட்டளை போகிறது. உருவான வாயு பக்கத்திலுள்ள மென்தசைக்குள் பரவ, தசை தளர்கிறது; குழாய் விரிகிறது; இரத்தம் எளிதாக ஓடுகிறது. தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்வதையும் நைட்ரிக் ஆக்சைடு குறைக்கிறது.

குழாய் சிறிது விரிவதால் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரே அழுத்தத்தில், குறுகிய குழாயில் சீராக ஓடும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தால் 0.9-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 0.656. அதாவது ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க இடம் இது.

ஈஸ்ட்ரோஜனுக்குக் கல்லீரலிலும் வேலை இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்று உயர்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால், கல்லீரல் இரத்தம் உறைவதற்கான சில புரதங்களையும் அதிகமாகச் செய்கிறது. இந்த மறுபக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாதவிடாய் நின்ற பின்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறார்கள். மேலைநாடுகளில் இதன் சராசரி வயது 51 என்றால், இந்தியப் பெண்களுக்கு 46, 47 அளவிலேயே வந்துவிடுகிறது. அண்டகம் ஈஸ்ட்ரடையால் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். கொழுப்புத் திசுவில் சிறிதளவு ஈஸ்ட்ரோன் மட்டும் உருவாகும்.

அடுத்த சில ஆண்டுகளில் எல்.டி.எல். ஏறுகிறது. கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுப் பகுதிக்கு இடம் மாறுகிறது. தமனியின் நெகிழ்வு குறைகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதற்கு எல்லாம் ஈஸ்ட்ரோஜன் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, ஒரே வயதுடைய பெண்களை ஒப்பிட்டபோது மாதவிடாய் நின்றவர்களிடம் இதய நோய் அதிகமாக இருப்பதை 1976-இல் எடுத்துக் காட்டியது.

கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டுகள் தாமதமாக வருகிறது என்று அது கண்டது. 'பொம்பளைக்கு மாரடைப்பு வராது' என்ற ஊர்ப் பேச்சு பிறந்தது இந்தத் தாமதத்திலிருந்துதான். தாமதமாக வருவதை வரவே வராது என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்று சூழல்களில் இந்தத் தாமதம் குறைந்துவிடுகிறது. முதலாவது, 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடுவது. இரண்டாவது, கருப்பையை எடுக்கும்போது இரு அண்டகங்களையும் சேர்த்து எடுத்துவிடுவது. "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்று சொல்லும் தாய்மார்களில் பலருக்கு அண்டகம் இருக்கிறதா, இல்லையா என்பதே தெரியாது. அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மூன்றாவது, சர்க்கரை நோய். சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு, மாதவிடாய் நிற்காத வயதிலும் ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ வந்து போனவர்களும் பின்னாளில் கவனமாக இருக்க வேண்டியவர்களே.

மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே என்று எந்த மாணவரும் கேட்பார். மருத்துவ உலகமும் அப்படித்தான் எண்ணியது. அதன் கதை, அறிவியல் எப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதற்கு நல்ல பாடம்.

முதலில், மாரடைப்பு வந்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, மாரடைப்பும் இரத்தக்கட்டும் கூடியதால் 1970-களின் தொடக்கத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். பெண்களிடம் நிலைமை வேறாகத் தோன்றியது. 1976-இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இலட்சக்கணக்கான பெண்களுக்கு மருந்து எழுதப்பட்டது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு மருந்தைக் கொடுத்தது ஆய்வாளர்கள் அல்லர். அவர்களே தேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். பொதுவாக அப்படித் தேர்ந்தவர்கள் வசதியும் படிப்பும் உடற்பயிற்சியும் மருத்துவரைப் பார்க்கும் வழக்கமும் உள்ளவர்கள். தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினால், அது தனிப்பயிற்சியாலா அல்லது வீட்டில் படித்த பெற்றோரும் தனி மேசையும் இருப்பதாலா என்று நாம் கேட்போம் அல்லவா? அதே கேள்விதான்.

விடை காணச் சமவாய்ப்பு முறையில், குலுக்கல் போல, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதய நோய் ஏற்கெனவே உள்ள 2,763 பெண்களிடம் நடந்த ஆய்வு 1998-இல் வெளியானது. மொத்தத்தில் பயன் இல்லை, முதல் ஆண்டில் பாதிப்பு கூடியது. அடுத்து, 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த மகளிர் நல முன்முயற்சி ஆய்வு, தீமை நன்மையை விஞ்சியதால் 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால் கிடைக்கும் எண்ணிக்கைகள் இவை. கரோனரி இதய நோய்: மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 30, ஹார்மோன் எடுத்தவர்களில் 37. பக்கவாதம்: 21, 29. மார்பகப் புற்றுநோய்: 30, 38. இடுப்பெலும்பு முறிவோ 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது.

செய்தித்தாள்களில் இது பெரும் அதிர்ச்சியாக வந்தது. பலர் ஒரே நாளில் மருந்தை நிறுத்தினார்கள். 30 என்பது 37 ஆவது 'ஏறக்குறைய கால் பங்கு அதிகம்'. அதுவே '10,000 பேரில் 7 பேர் அதிகம்' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. கேட்பவர் மனத்தில் இரண்டும் ஒரே அளவு அச்சத்தை எழுப்புவதில்லை.

உட்சுவருக்கு நல்லது செய்யும் ஹார்மோன் ஏன் கெடுதல் செய்தது? ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவங்கள் உருவாகியிருக்கும். பழுதடைந்த எண்டோதீலியம் பழையபடி செவிசாய்ப்பதில்லை. மாத்திரையோ இரத்தம் உறைவதைத் தூண்டுகிறது. 2016-இல் வெளியான எலைட் ஆய்வு 643 பெண்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று 6 ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவானது; 10 ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

இன்றைய நிலைப்பாடு இதுதான். திடீர் உடல் சூடு, இரவு வியர்வை போன்ற கடும் தொல்லைகளுக்கும், மிக இளவயதில் மாதவிடாய் நின்றவர்களுக்கும் மருத்துவர் ஆராய்ந்து ஹார்மோன் கொடுப்பார். இதயத்தைக் காக்க என்று மட்டும் அதை எடுப்பதில்லை. தாமாக மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடவே கூடாது.

நம் கரையோரப் பெண்கள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடலில் தலைமுறைகளாகப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் இனம் பிரித்துச் சொல்வதை நம் தாவரவியல் வகுப்பு கேட்க வேண்டும். விரலில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கடலில் கிடக்கும் இவர்களுக்கு உடல் உழைப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

அதுவே ஒரு விதத்தில் ஏமாற்றிவிடுகிறது. "ஓடியாடி வேலை பார்க்கிற உடம்பு" என்ற நம்பிக்கையில் யாரும் இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. உழைப்பு இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் கொதிப்பும் சர்க்கரையும் அதனால் மட்டும் வராமல் போய்விடுவதில்லை. தோள் வலி, முதுகு வலி, அசதி எல்லாம் அவர்களுக்கு அன்றாடம் இருப்பவை. மாரடைப்பின் வலியும் அதே இடங்களில் வரும்போது, வேலை அலுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள்.

உணவில் கருவாடும் ஊறுகாயும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. குழம்பு, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். கருவாட்டை விட்டுவிடச் சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நன்றாக ஊறவைத்து, இரண்டு முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கச் சொன்னால் கேட்பார்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொல்வதுதான் கடினம். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாயுவா, மாரடைப்பா?

பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி நெஞ்சில் அழுத்தமோ வலியோதான். அத்துடன், அல்லது அது இல்லாமலும், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், இதுவரை இல்லாத அசதி, தாடை, கழுத்து, மேல்முதுகு, தோள், கை ஆகியவற்றில் வலி என்பன ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகின்றன. சோடா குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை இழந்துகொண்டிருக்கும் நேரம்.

108-ஐ அழைக்க வேண்டும். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் இருப்பில் வைக்கப்பட்டுள்ளன. 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. தீவிலிருந்தும் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்தும் வருவோர் முதலில் அருகிலுள்ள நிலையத்தை அடைவது முக்கியம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. உறிஞ்சு குழல் சோதனை (6 முதல் 10 வரை): இரண்டு நெகிழிப் புட்டிகளின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, ஒன்றில் அகன்ற உறிஞ்சு குழலையும் மற்றதில் குறுகியதையும் சம நீளத்தில் செருகிக் களிமண்ணால் அடைக்கவும். சம அளவு நீர் ஊற்றி, வடியும் நேரத்தைக் குறிக்கவும். விட்டம் சிறிதே வேறுபட்டாலும் நேரம் எவ்வளவு மாறுகிறது என்று மாணவர்கள் தாமே சொல்வார்கள்.

2. புதிய குழாய், பழைய குழாய் (8 முதல் 10 வரை): புதிய இரப்பர்க் குழாயையும் வெயிலில் கிடந்து இறுகிய பழைய குழாயையும் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லவும். தமனியின் நெகிழ்வு குறைவது என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

3. பத்தாயிரம் கட்டங்கள் (9, 10): வரைபடத்தாளில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையவும். அதில் மில்லிமீட்டர்க் கட்டங்கள் சரியாக 10,000. முப்பது கட்டங்களை நீலத்தாலும் ஏழு கட்டங்களைச் சிவப்பாலும் நிரப்பவும். 'கால் பங்கு அதிகம்' என்ற தலைப்பும் இந்தத் தாளும் ஒன்றையே சொல்கின்றன என்று காட்டவும். விளம்பரங்களில் வரும் விழுக்காடுகளை இதே முறையில் கேள்வி கேட்கப் பழக்கலாம்.

4. நாடி எண்ணுதல் (4, 5): மணிக்கட்டில் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குதல், ஓய்விலும், ஓடிய பின்பும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் பயிற்சி.

5. 108 ஒத்திகை (3 முதல் 5 வரை): ஊர்ப் பெயர், தெரு, அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது பள்ளி, யாருக்கு என்ன செய்கிறது ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழக்குதல். அவசர நேரத்தில் வீட்டில் இருப்பது பல நேரம் இந்தக் குழந்தைதான்.

6. வீட்டுக்கு ஒரு செய்தி: அம்மா, அத்தை, பாட்டி ஆகியோரை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுதல். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்த எண்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அது குடும்பத்தின் தனிச் செய்தி. "பார்த்தாச்சு" என்ற ஒரு சொல் போதும்.

மாதவிடாய் பற்றிய பேச்சு வந்ததும் வகுப்பில் சிரிப்பு எழும். நான் அதைக் கண்டிக்காமல், குழாய்ச் சோதனையில் தொடங்கிப் பிறகு ஹார்மோனுக்கு வந்தேன். அப்போது அது உடலியலாகவே கேட்கப்பட்டது. மாணவர்களையும் மாணவிகளையும் சேர்த்தே உட்காரவைத்து நடத்துங்கள். பின்னாளில் அம்மாவை, மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டியவர்கள் அந்தப் பையன்களும்தான்.

ஆசிரியர் அறையிலும் ஒரு பாடம்

இதையெல்லாம் நடத்திய வாரத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி கேட்டேன்: "கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?" நாற்பதைக் கடந்த ஆசிரியைகள் யாருக்கும் கடந்த ஓராண்டின் எண் நினைவில் இல்லை. கேட்ட எனக்கும் இல்லை. அடுத்த வாரம் நலவாழ்வுப் பணியாளர் பள்ளிக்கு வந்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டோம். ஒருவருக்கு 140/90-ஐத் தாண்டியிருந்தது. இப்போது அவர் மருந்து எடுத்துக்கொள்கிறார். இவ்வளவு காலமும் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதை நம்மால் தடுக்க முடியாது, அது இயற்கை. ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, உடற்பயிற்சி, காய்கனி போன்ற மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளே மாரடைப்பு அபாயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் விளக்குகின்றன என்று இண்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. நாற்பத்தைந்து வயதில் ஒரு பாதுகாப்பு விலகும்போது, மற்றப் பாதுகாப்புகளை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த மாணவிக்கு விடையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இன்னும் கடலுக்குப் போயிருக்குமா டீச்சர்?" என்றாள். போயிருக்கலாம் என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் தன் சித்தியையும் பக்கத்து வீட்டு அக்காவையும் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனதாகச் சொன்னாள். இருவரும் பாசி எடுக்கிறவர்கள்.

இந்த ஆண்டு அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதியபோது, ஈஸ்ட்ரோஜன் என்ற வரிக்கு நேரே ஒரு தொடரைச் சேர்த்துக்கொண்டேன்: 'இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்துக்குத் துணைபுரிகிறது.' உங்கள் வகுப்பிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.